பேரேட்டில் ஏறாத பெயர்

சர்க்கார் உதவி மழையைப் போன்றது என்று நம்மவர் சொல்லிக்கொள்வதுண்டு. உடையவன், இல்லாதவன், பட்டணத்தான், தோட்டத்தான் என்ற பேதம் பாராமல் மழை எல்லோர் கூரைமீதும் பெய்கிறது; சர்க்காரின் தயவும் அவ்வாறே எல்லோரையும் எட்டும் என்பது இவ்வுவமையின் கருத்து. உவமை கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது; அனுபவமோ வேறுவிதமாய்ச் சொல்கிறது. சர்க்கார் உதவி வாய்க்கால் நீரைப் போன்றது. வாய்க்கால் வெட்டப்பட்ட வயலுக்கே அது பாயும். வெட்டப்படாத வயல் பக்கத்திலேயே இருப்பினும், அங்குள்ள பயிர் கருகிக்கொண்டிருப்பினும், நீர் தன் வழியே போய்விடும். அவ்வாய்க்காலுக்குப் பதிவேடு என்று பெயர்.

இது ஏட்டிலே படித்து எழுதும் விஷயமன்று. கோவிட்-19 என்னும் தொற்றுநோய் இந்நாட்டை முடக்கிப் போட்ட 2020, 2021-ம் வருஷங்களில், பீடோர் என்னும் நமது சிற்றூரில் நாம் கண்கூடாகக் கண்டது. கண்டதை மறக்குமுன் எழுதி வைப்பது கடமை என்று எண்ணுகிறோம். ஏனெனில், அடுத்த நோய் வரும்போதோ, அடுத்த வெள்ளம் வரும்போதோ, நம் மக்கள் மறுபடியும் அதே வாசலில் அதே வெறுங்கையுடன் நிற்கலாகாது.

பீடோரை அறியாதவர்க்கு இரண்டொரு வார்த்தை. பேராக் மாநிலத்தில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே பழைய பெருஞ்சாலையில் அமைந்த ஊர் இது. ஒருகாலத்தில் ஈயமும் ரப்பரும் இவ்வூரை வளர்த்தன. ஈயம் போயிற்று, ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் ஊர்ப்பக்கம் வந்து, கையில் இருந்த தொழிலைக் கடையாக்கிக்கொண்டன. ஒருவர் தோசைக்கல்லை வைத்தார். ஒருவர் தையல் யந்திரத்தை வைத்தார். ஒருவர் கோயில் வாசலில் பூக்கூடையை வைத்தார். பீடோரின் கொய்யாவும், பெத்தாயும், வாத்துக்கறி மீயும் நாடெங்கும் பெயர் பெற்றவை. கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே போவோர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவந்து உண்டு, வாங்கிப் போவர். சுருங்கச் சொன்னால், வழிப்போக்கரை நம்பி வாழும் ஊர்.

அந்த வழிப்போக்கர் 2020-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி நின்றுபோனார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்று நடப்புக்கு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை, உணவுக்கடைகளில் உட்கார்ந்து உண்ணத் தடை, கோயில் கதவு அடைப்பு, முடிதிருத்தகங்கள் அடைப்பு, இரவுச் சந்தை அடைப்பு. ஏப்ரலில், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சாமான் வாங்கப் போகக்கூட அனுமதி வேண்டியிருந்தது. நோயின் கொடுமையை நோக்க இக்கட்டுப்பாடு அவசியமே என்பதில் நமக்கு ஐயமில்லை. 1918-ம் வருஷத்து விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் நம்மவரை எவ்வாறு வாரிக்கொண்டு போயிற்று என்பதைக் கேட்டறிந்தவர் எவரும் இத்தகைய அடைப்பைக் குறைகூற மாட்டார். ஆனால், மாதச் சம்பளக்காரன் வீட்டிலிருப்பது வேறு. அன்றாடம் விற்று அன்றாடம் அரிசி வாங்குகிறவன் வீட்டிலிருப்பது வேறு. முன்னவனுக்கு அது ஓய்வு. பின்னவனுக்கு அது பட்டினியின் முதல் நாள்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதை முதற்கண் நேர்மையுடன் கூறிவிடுகிறோம். அவ்வருஷம் மார்ச்சு 27-ந் தேதி, அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின், 'பிரிஹாத்தின்' என்னும் பெயரால் 250 பில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவித் திட்டத்தை அறிவித்தார். சிறு வியாபாரிகளுக்கு அதில் போதிய பங்கு இல்லை என்று நாடெங்கும் முறையீடு எழவே, ஏப்ரல் 6-ந் தேதி மேலும் 10 பில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. மிகச் சிறு வியாபாரம் ஒவ்வொன்றுக்கும் 3,000 வெள்ளி மானியம், அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம், தருவதாகச் சொல்லப்பட்டது. இதற்கென ஒதுக்கியது 2.1 பில்லியன் வெள்ளி. எதிர்பார்த்த வியாபாரங்கள் ஏறக்குறைய 700,000. எழுபத்தைந்து பேருக்கு மேற்படாத ஆட்களை வைத்திருப்போர்க்கு, ஆள் ஒருவருக்கு மாதம் 1,200 வெள்ளி வீதம் மூன்று மாதச் சம்பள உதவி. தேசிய சேமிப்பு வங்கியின் சிறுகடனுக்கு வட்டி நீக்கப்பட்டது. 'டெக்குன்' மூலம் 10,000 வெள்ளி வரை வட்டியில்லாக் கடன். வங்கிக் கடன்களுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணை நிறுத்தம். இவை சாமான்யமான உதவிகள் அல்ல. இவற்றால் பிழைத்த கடைகள் உண்டு; அக்கடைகளை நாம் அறிவோம்.

பின் குறை எங்கே? வாசலில் இருந்தது குறை. உதவி பெறுகிறவன் முன்னமே ஒரு பேரேட்டில் ஏறியிருக்க வேண்டும். சம்பள உதவிக்கு, 2020-ம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்கு முன்னரே வியாபாரப் பதிவோ, ஊராட்சி மன்ற லைசென்சோ பெற்றிருக்க வேண்டும். ஆட்களைச் சொக்சோவில் சேர்த்திருக்க வேண்டும். 3,000 வெள்ளி மானியத்துக்கோ, வருமான வரி இலாகாவில் விண்ணப்பம் ஏற வேண்டும். வீடு எரியும்போது, 'முன்னமே கிணறு வெட்டிப் பதிவு செய்தாயா?' என்று கேட்பது போன்றது இது. சர்க்கார் தரப்பில் இதற்கு நியாயமில்லாமலில்லை. பெயர் தெரியாதவனுக்குப் பணம் கொடுத்தால் பொய்யர் கூட்டம் முந்திக்கொள்ளும் என்பது மெய்யே. எனினும், பொய்யரைத் தடுக்க வைத்த வேலியில் மெய்யர் எத்தனை பேர் சிக்கினர் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்நாட்களில் நாம், படிவம் நிரப்பத் தெரிந்த நண்பர் சிலருடன் சேர்ந்து, கைப்பேசியிலும், கடை ஐந்தடித் தாழ்வாரத்தில் எட்ட நின்றும், ஊராருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவந்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பள்ளியில் சிறிது படித்த பெண்கள். படிவமோ மலாய் மொழியில், அதுவும் இணையத்தில். பத்துக் கேள்விகளுக்குள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து தடுக்கி விழுந்தனர்: 'பதிவு எண் என்ன?'

ஒரே வரிசையில் அடுத்தடுத்துத் தொழில் நடத்தும் இருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். ஒருவர் தையற்காரப் பெண்மணி. சில வருஷங்களுக்கு முன் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை ஒன்று அவருக்குக் கிடைக்கவிருந்தது. பதிவுள்ள ரசீது கேட்டார்கள். அதற்காக அவர் வேண்டா வெறுப்பாய்த் தம் பெயரில் வியாபாரப் பதிவு செய்துகொண்டார். சொந்தப் பெயரில் பதிவதற்கு வருஷக் கட்டணம் 30 வெள்ளி. அந்த வேலை பின்னர் வேறு யாருக்கோ போயிற்று. பதிவை மட்டும் அவர் தவறாமல் புதுப்பித்து வந்தார். அடைப்புக் காலத்தில் 3,000 வெள்ளி அவர் கணக்கில் வந்து சேர்ந்தது. பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயருக்கு 2021-ம் வருஷத்தில் வந்த உதவிகளும் எளிதாய்க் கிட்டின. முப்பது வெள்ளிக் காகிதம் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணையாமல் காத்தது.

மற்றொருவர் அவருக்கு இரண்டு கதவு தள்ளி விடியற்காலையில் தோசை சுட்டு விற்பவர். கடையின் லைசென்சு அவர் கணவர் பெயரில் இருந்தது. கணவர் காலமாகிப் பல வருஷங்களாயின. லைசென்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னவர்கள் அதற்குப் பணம் கேட்டார்கள். படிவத்தில் எழுத ஒன்றுமில்லை என்று நாம் கூறியபோது அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "பதினேழு வருஷமா இந்த ஊருக்கே தோசை சுட்டுப் போடறேனே தம்பி, நான் கடைக்காரி இல்லியா?" என்று மட்டும் கேட்டார். இக்கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஊரறிந்த கடைக்காரி அவர், ஏடறியாத கடைக்காரி.

கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் மூதாட்டியின் நிலை இன்னும் கடினம். அவருக்கு லைசென்சு என்ற சொல்லே புதிது. கோயில் திறந்தால் பூ, மூடினால் பட்டினி. அவ்வருஷத்துத் தீபாவளியும் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வந்தது. மறு வருஷத் தைப்பூசத்துக்கு ஈப்போக் கல்லுமலையில் வழக்கமான கூட்டமில்லை. இரண்டு திருநாள் போனால் பூக்காரிக்கு ஒரு வருஷம் போயிற்று என்பதை எந்தப் புள்ளிவிவரமும் எடுத்துச் சொல்லாது.

நிற்க. ஏட்டில் ஏறியவர் எல்லோரும் கரையேறினர் என்று கொள்வதும் தவறாகும். முடிதிருத்தும் கடை ஒன்றை நாம் அறிவோம். பதிவு, லைசென்சு, வரி எல்லாம் ஒழுங்காய் இருந்தன. மானியமும் வந்தது. ஆனால் மார்ச்சு 18 முதல் ஜூன் 9 வரை 84 நாட்கள் கடை திறக்கவில்லை. நடுவே ஏப்ரலில் முடிதிருத்தகங்களைத் திறக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நோய் பரவும் என்று ஜனங்கள் அஞ்சி எதிர்க்கவே, சில நாட்களுக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. கடையில் வேலை செய்த இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். சம்பள உதவி இந்நாட்டுப் பிரஜைகளான ஆட்களுக்கே உரியது. ஊருக்குப் போக விமானமில்லை; இங்கே வேலையில்லை. அவ்விருவருக்கும் சோறு போட்டவர் கடைக்காரர். 3,000 வெள்ளியை 84 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 35 வெள்ளியும் சில்லறையும் ஆகும். வாடகை, மின்சாரம், மூன்று பேர் சோறு ஆகியவற்றை அதில் அடக்கிக் காட்டும் கணக்கரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

தவணை நிறுத்தத்தின் கதியும் இதுவே. வங்கியில் கடன் வாங்கியவனுக்கு ஆறு மாதம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. வங்கி உள்ளே விடாத ஏழை வியாபாரி கடன் வாங்கியது யாரிடம்? அடகுக்கடையில், தெரிந்தவர் கையில், கடைசியில் வட்டி முதலையிடத்தில். வட்டி முதலைக்குத் தவணை நிறுத்தம் என்று ஒன்று உண்டோ? நோய்க் காலத்திலும் அவன் கதவைத் தட்டத் தவறவில்லை. ஆகவே, கடனிலும்கூட, ஏட்டில் உள்ளவன் கடனே இரக்கத்துக்குரியதாயிற்று. ஏட்டுக்கு வெளியே உள்ளவன் கடன் வளர்ந்துகொண்டே போயிற்று.

குடும்ப உதவி என்று வேறொன்று வந்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, இரண்டு தவணையாய். தோசைக்கடை அம்மையாருக்கு அது கிடைத்தது. அரிசி வாங்கினார், மாவு வாங்க மிஞ்சவில்லை. வயிற்றுக்கு உதவுவது வேறு. தொழிலுக்கு உதவுவது வேறு. முன்னது இன்றைக்கு, பின்னது நாளைக்கு. தொழிலாளியென்று ஒப்புக்கொள்ளாமல் ஏழையென்று மட்டும் ஒப்புக்கொண்டு கையில் பணம் கொடுத்தால், வாங்குகிறவர் மனம் குன்றத்தானே செய்யும்?

இனி, நம்மவர் பெயர்கள் ஏன் பேரேட்டில் ஏறவில்லை என்று பார்ப்போம். சோம்பல் என்று சிலர் சொல்வர். அறியாமை என்று சிலர் சொல்வர். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆனால் இவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. அப்பயத்துக்கு வயது நூறுக்கு மேல்.

தோட்டத்தில் நம் முன்னோர் பெயரை முதலில் ஏட்டில் ஏற்றியவர் கிராணி. அந்த ஏட்டுக்குச் செக்குரோல் என்று பெயர். இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். பெயர் விடுபட்டால் கூலி விடுபட்டது. கிராணிக்கு மனமிருந்தால் முழுநாள், மனமில்லையேல் அரைநாள். தன் பெயரை எழுதிய கையெழுத்தைத் தான் படிக்க முடியாதவனுக்கு ஏடு என்றால் என்ன தோன்றும்? தன்னைக் கட்டிவைக்கும் கயிறு என்றுதான் தோன்றும். பிள்ளை பிறந்தால் பத்திரத்தில் பெயரைக் கண்டபடி எழுதியவர்களும் உண்டு. அப்பிழை பின்னர் அடையாளக் கார்டில் ஒருவிதமாயும், பள்ளியில் வேறுவிதமாயும் ஏறி, ஒரு மனிதனை இரண்டு மனிதராக்கியதும் உண்டு.

பின்னர் வந்தது 1968-ம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று அது விதித்தது. இம்மண்ணில் உழைத்து மூப்படைந்தும் பிரஜா உரிமைப் பத்திரம் எடுக்காதிருந்த நம்மவர் எண்ணற்றோர், ஒரு துண்டுக் காகிதம் இல்லாத காரணத்தால் கப்பலேறினர். காகிதம் இருந்தவர் தங்கினர்; இல்லாதவர் போயினர். இதிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம், காகிதம் உயிரைப் போன்றது என்பது. நம்மவரில் பலர் கற்றதோ, சர்க்கார் கண்ணில் படாமலிருப்பதே க்ஷேமம் என்பது. "பேர் கொடுத்தா வரி வரும், வரி வந்தா ஆள் வருவான்" என்று பெரியவர் ஒருவர் நம்மிடமே கூறினார். வருஷம் முழுதும் தோசை விற்று வரும் லாபத்துக்கு வரி விழாது என்று விளக்கியும் அவர் நம்பவில்லை.

ஏட்டுக்கு அஞ்சியவர்கள் தமக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதுதான் கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. நம்பிக்கை உள்ளவரை நல்ல ஏற்பாடுதான். கடையில் பாத்திரம் வாங்கியதும், பெண்ணுக்குத் தோடு செய்ததும் கூட்டுப் பணத்திலேதான். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் சொல் இருக்கிறது. நோய்க் காலத்தில் கூட்டுகள் பல முறிந்தன. பணம் எடுத்தவர் கட்டவில்லை, எடுக்காதவர் ஏமாந்தார். எங்கே போய் முறையிடுவது? எழுத்து இல்லாத உறவு முறிந்தால் சாட்சியும் இல்லை, நீதியும் இல்லை.

ஏடு நம்மைக் கட்டுவதும், நாம் ஏட்டைக் கட்டி ஆள்வதும் வேறு வேறு என்பதற்கு நமது பேராக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டு, தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-ம் வருஷம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். பால்மரம் சீவும் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி அதில் பங்குதாரராகலாம். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. செக்குரோலில் கூலியாளாய் இருந்த அதே பெயர், பங்கு ஏட்டில் உடைமையாளர் பெயராய் ஏறியது. பெயர் மாறவில்லை, ஏடு மாறியது. இதனினும் பெரிய சீர்திருத்தம் வேறென்ன வேண்டும்?

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஏட்டில் இல்லாதவனை ஏட்டுக்குள் அழைக்கும் வழி இல்லாமலில்லை. இந்தியாவில் 2020-ம் வருஷம் ஜூன் முதல் தேதி தெரு வியாபாரிகளுக்கென 'ஸ்வநிதி' என்னும் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கடன் அப்போது 10,000 ரூபாயாயிருந்தது. வியாபாரிக்குச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், நகராட்சி மன்றம் அவரை விசாரித்து, இவர் இங்கே தொழில் நடத்துகிறவர்தாம் என்று சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம் என்று விதி செய்தார்கள். அத்திட்டத்தில் குறைகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. அது கடனேயன்றி மானியமுமன்று. ஆனால் அந்த ஒரு கடிதம் எவ்வளவு பெரிய வாசல்! நம்மூரில் தோசைக்கடை எங்கே இருக்கிறதென்று அறியாத ஊராட்சி மன்ற ஊழியர் ஒருவரும் இரார். அவர்களில் பலர் அங்கே பசியாறியவர்கள். அவர்கள் கண்டதை அவர்களே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தந்திருந்தால், பதினேழு வருஷ உழைப்புக்கு ஒரு வரிச் சாட்சி கிடைத்திருக்கும். அடுத்த ஆபத்துக்குத் திட்டம் தீட்டுவோர் இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம். படிவம் தமிழிலும் சீனத்திலும் இருந்தால் கேடொன்றும் வந்துவிடாது என்பதையும் சேர்த்துக் கூறுகிறோம்.

ஆயினும், சர்க்கார் திருந்தும்வரை காத்திருப்பது நமது சுபாவமாகிவிடக் கூடாது. நம்மவரிடம் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. உரிமையாய்ப் பெற வேண்டியதைத் தயவாய்ப் பெறத் துடிக்கிறோம். முப்பது வெள்ளி கட்டிப் பதிவு செய்ய மனமில்லை. தலைவர் ஒருவர் கையால் பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள மனமிருக்கிறது. அரிசி கொடுத்தவரை நாம் இகழவில்லை. பசித்த நேரத்தில் கொடுத்தவர் வாழ்க. ஆனால் அரிசி மூட்டைக்குப் பின் ஒரு கடமைப்பாடு வந்து ஒட்டிக்கொள்கிறது. பதிவெண்ணுக்குப் பின் அவ்வாறு ஒன்றும் வருவதில்லை. முன்னது கைம்மாறு கேட்கும். பின்னது எதையும் கேளாது. சுயமரியாதையுள்ள மனிதன் எதை விரும்ப வேண்டும்?

2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மறுபடியும் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. அம்மாத இறுதியில், உணவில்லாதவர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுமாறு ஓர் இயக்கம் கிளம்பியது. கொடி கண்ட அயலார், இனம் மதம் பாராமல், உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இந்நாட்டு ஜனங்களின் நல்ல உள்ளத்துக்கு அக்கொடிகளே சாட்சி. வெள்ளைக் கொடிக்குப் பதிவெண் வேண்டியிருக்கவில்லை, படிவம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் உழைத்து உண்ட ஒருவர், தம் வாசலில் துணியைக் கட்டித் தம் பசியைத் தெருவுக்குக் காட்டும்படி நேர்ந்ததே என்று எண்ணும்போது நெஞ்சம் வேகிறது. அயலார் அன்பு பெரிது. அந்நிலைக்கு வராமற் காக்கும் ஏற்பாடு அதனினும் பெரிது.

ஆகவே தோழர்களே, சகோதரிகளே, நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. தொழில் நடத்துகிறவர் ஒவ்வொருவரும் தம் தொழிலைப் பதிவு செய்க. சொந்தப் பெயரில் வருஷத்துக்கு 30 வெள்ளி. வேறு கடைப்பெயர் வைத்துக்கொண்டால் 60 வெள்ளி. தெருவோரக் கடையாயின் ஊராட்சி மன்றத்து லைசென்சைக் கேட்டுப் பெறுக. கேட்ட தேதியைக் குறித்து வைக்க. அடுப்பில் நிற்பவர் பெண்ணாயிருக்க, லைசென்சு ஆண் பெயரில் இருப்பது என்ன நியாயம்? உழைப்பவர் யாரோ அவர் பெயரே ஏட்டில் ஏறுக. கணவர் இறந்தபின் பத்திரத்தை மாற்றுவது அபசகுனமன்று. பிள்ளைகளுக்குச் செய்யும் பாதுகாப்பு. ஒற்றைக்கோட்டு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று தினமும் எழுதுக. எழுதத் தெரியாவிட்டால் பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்கும் அது படிப்பே. வங்கியில் கடைக்கென்று தனிக் கணக்கு வைக்க. படித்த இளைஞர்காள், உங்கள் கையில் உள்ள கைப்பேசியால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தால், அது நூறு மேடைப் பிரசங்கத்துக்கு ஈடாகும்.

நல்ல சேதி ஒன்று சொல்லி முடிக்கிறோம். முன்னர்க் கூறிய தோசைக்கடை அம்மையாரின் லைசென்சு இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. மூன்று முறை தாப்பாவுக்கு அலைந்து, இறந்தவர் பத்திரமும் திருமணப் பத்திரமும் காட்டி வாங்கினார். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதில் அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதையும் திருத்த மனுக் கொடுத்திருக்கிறார்.